தொகையுள் மறைந்த மருந்துகள்

நீர்க்கோவை என்றும் தடுமன் என்றும் மக்கள் வழங்கும் நோய் சில நாளில் தானே தீரும் இயல்பினது. எனினும், தும்மலும் மூக்கடைப்பும் தலைவலியும் ஒருங்கே வருத்துங்கால் அத்துணைப் பொறுமை யாவர்க்கும் வாய்ப்பதில்லை. மருந்துக் கடையை நாடி மாத்திரை ஒன்றை வாங்கி விழுங்குவர். விழுங்கியது ஒரு மாத்திரையே. ஆயினும் உடலினுட் சென்றவை பல மருந்துகள்.

‘இராப்பகல்’ என்னுந் தொடரில் ‘உம்’ என்னும் இடைச்சொல் மறைந்து நிற்றலை மாணவர் இலக்கணத்திற் பயின்றிருப்பர். கூட்டு மருந்தும் ஓர் உம்மைத்தொகையே எனலாம். அதனை விரித்தால், காய்ச்சலையும் வலியையும் தணிக்கும் பாராசிட்டமாலும், தும்மலையும் மூக்கொழுகலையும் அடக்கும் குளோர்பெனிரமினும், மூக்கினுள் வீங்கிய குருதிக்குழாய்களைச் சுருக்குதற்பொருட்டுச் சேர்க்கப்படும் பினைலெப்ரினும் வெளிப்படும். வாய்வழி உண்ணும் பினைலெப்ரின் பயனுடையதெனக் காட்டச் சான்று போதாதென 2023இல் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று கூறியது. பயன் ஐயத்திற்குரியதாயினும் அதன் இடர் நீங்கிவிடவில்லை என்பது கருதத்தக்கது.

தொகையை விரித்துப் பாராமையால் வருங் கேடுகளுள் முதன்மையானது, ஒரே மருந்தை இருவழியில் உண்ணல். வளர்ந்த ஒருவர் ஒருநாளில் உட்கொள்ளத்தக்க பாராசிட்டமாலின் மேலெல்லை 4000 மில்லிகிராம். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டினைக் காய்ச்சலுக்காக நாளொன்றுக்கு நான்கு முறை உண்பவர் அவ்வெல்லையை எட்டிவிடுகின்றார். அவரே, 500 மில்லிகிராம் பாராசிட்டமால் அடங்கிய தடுமன் மாத்திரையையும் நான்கு முறை உண்பாராயின், மொத்தம் 6000 மில்லிகிராம் ஆகின்றது. இம்மருந்தின் ஒரு சிறுபகுதி கல்லீரலில் நஞ்சாக மாறும். அந்நஞ்சை முறிக்கும் பொருள் கல்லீரலில் இயல்பாகவே உண்டு. மருந்தின் அளவு மிகின் அப்பொருள் தீர்ந்துபோக, நஞ்சு கல்லீரலையே அழிக்கத் தொடங்கும். முதல்நாளில் துன்பம் பெரிதும் புலப்படாமையே இதன் கொடுமை.

வெவ்வேறு மருந்துகள் தம்முள் மாறுபடுதலும் உண்டு. குளோர்பெனிரமின் உறக்கந் தருவது. தூக்க மாத்திரையோடோ மதுவோடோ சேரின் மயக்கம் மிகும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் பழைய வகையொன்றை உண்போர் பினைலெப்ரினை உட்கொண்டால் குருதியழுத்தம் திடீரென உயரக்கூடும். அவ்வகை மருந்தை நிறுத்திய பின்னரும் 14 நாள் வரை இவ்விலக்கு நீங்காது.

இத்தகைய மாறுபாடு தும்மல் மருந்தொன்றைச் சந்தையினின்றே அகற்றியதுமுண்டு. 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெர்பினடின், உறக்கம் வருவியாது ஒவ்வாமையைத் தணித்தமையால் பெரிதும் விரும்பப்பட்டது. கல்லீரலிலுள்ள நொதியொன்று அம்மருந்தை வேறு பொருளாக மாற்றும். தும்மலை அடக்குவது அம்மாறிய பொருளே. பூஞ்சை நோய்க்குரிய கீட்டோகோனசோலையோ, கிருமிகளைக் கொல்லும் எரித்ரோமைசினையோ உடன் உண்டால் அந்நொதி தடைப்படும். மாறாத டெர்பினடின் குருதியில் மிகுந்து இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். இதனால் உயிரிழந்தோரும் உளர். தனித்தனியே நோக்கின், இவை யாவும் நோய் தீர்க்கும் நன்மருந்துகளே அன்றோ?

அறிஞர் அம்மாறிய பொருளையே தனியே எடுத்து மருந்தாக்கினர். பெக்சோபினடின் எனப் பெயர்பெற்ற அது 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டெர்பினடின் 1998இல் அங்குச் சந்தையினின்று நீக்கப்பட்டது. பெக்சோபினடின் இதயத்தை அவ்வாறு வருத்துவதில்லை. எனினும் அதனை ஆரஞ்சு, ஆப்பிள் முதலிய பழச்சாற்றோடு உண்டால் உடலிற் சேரும் அளவு குறைகின்றது. ஆதலின் அதனை நீரோடு உட்கொள்ளுதல் வேண்டும்.