கொல்லையில் ஒரு கேமரா



இந்த மாதம் கடன், தவணை, தரம் பிரித்தல் எதுவும் எழுதப் போவதில்லை. செல்போன் கேமராவை வைத்துக்கொண்டு நம்ம வீட்டுக் கொல்லையில் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். "இது என்ன, வேலையத்த வேலை" என்று சிலர் சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் நினைப்பை மாற்றியது நான் செய்த ஒரு தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எல்லாம் முடிந்ததும், ஒரு அக்கா என் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். செம்பருத்தியும் பக்கத்தில் இருந்த பப்பாளியும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. "மேடம், இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "மாவுப்பூச்சிக்கா, கடையில கேட்டு மருந்து வாங்கி அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரும் குழுவில் வாங்கின கைமாற்றில் மருந்து வாங்கி அடித்தார். அடுத்த மாதம் போனால் வெள்ளை முன்னைவிட அதிகம். பப்பாளி பிஞ்செல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

அந்த அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மருந்து அடிப்பதற்கு முன்னால், செம்பருத்திப் பூவை செல்லின் முகப்புப் படமாக வைக்க வேண்டும் என்று ஏழெட்டுப் படம் எடுத்திருக்கிறாள். அதில் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினாள். மாவுப்பூச்சிகளுக்கு நடுவில், அதே மாதிரி வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு, ஆனால் அவற்றைவிட மூன்று நான்கு மடங்கு நீளமாக ஒன்று. உடம்பிலிருந்து வெள்ளை மெழுகு இழைகள் தொங்குகின்றன. எனக்குத் தெரிந்த வேளாண் பட்டதாரி ஒருவருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அது மாவுப்பூச்சி இல்ல, அதைத் தின்கிற பொறிவண்டோட புழு."

ஆமாங்க. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்தப் பொறிவண்டை 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வளர்ந்த வண்டு கருப்பாக, தலையும் வாலும் மட்டும் செம்மஞ்சளாக இருக்கும். அதன் புழுவோ மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து, முட்டையும் குஞ்சுமாகத் தின்று தீர்க்கும். அந்தக் கூட்டாளியைத்தான் நான் காசு செலவழிக்க வைத்துக் கொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தெரிந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மருந்து மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை. மேலே மெழுகு மாவு இருப்பதால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு அதையே தின்று வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே வரும். அத்தனை பெரிய கேட்டை அடக்கியது அதுதான். அது இருக்கும் செடியில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவி, பிழைப்பது மாவுப்பூச்சி.

வெறும் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். மிக அருகில் போய், சின்னதைப் பெரிதாக எடுக்கும் இந்த முறைக்கு 'மேக்ரோ' படம் என்று பெயர். பெரிய கேமரா வேண்டாம், கையில் இருக்கும் செல்லே போதும்.

காலை ஏழு எட்டு மணி வெயில்தான் நல்லது. காற்றும் குறைவு, பூச்சியும் மந்தமாக இருக்கும். செல்லை நாலு விரல் அகலத்துக்குக் கொண்டுபோங்கள். படம் மங்கினால் கொஞ்சம் பின்னால் வந்து, பூச்சி தெரியும் இடத்தைத் திரையில் ஒருமுறை தொடுங்கள், தெளிவாகும். விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள், புள்ளி புள்ளியாக உடையும். எடுத்தபிறகு பெரிதாக்கிப் பார்க்கலாம். இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டால் செடி ஆடாது. மூச்சை ஒரு நிமிஷம் அடக்கிக்கொள்ளுங்கள் (நிஜமாகவே ஒரு நிமிஷம் இல்லை, சும்மா சொன்னேன்!). இன்னும் பெரிதாக வேண்டும் என்றால், நகை ஆசாரி கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்த லென்ஸைக் கேமரா மேல் ஒட்டிப் பிடியுங்கள்.

இலையின் முதுகைப் பார்க்க மறக்காதீர்கள். அசுவினி, வெள்ளை ஈ, முட்டை எல்லாம் அங்கேதான் குடித்தனம். நூல் மாதிரி காம்பு நட்டு, அதன் நுனியில் ஒரு முட்டை நின்றால் தொடாதீர்கள். அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதன் புழு அசுவினியைத் தின்னும்.

பூச்சி தேடப் போன எனக்கு இன்னொன்றும் கிடைத்தது. அந்தப் பெண் எடுத்த மற்ற படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒன்று என்னவென்றே தெரியவில்லை. சிவப்பு மணல்மேடு மாதிரி இருந்தது. செம்பருத்தி இதழின் மடிப்பாம். வெயிலுக்கு எதிராகப் பிடித்த வாழையிலை நரம்பு, சேம்பு இலையில் ஒட்டாமல் உருண்ட தண்ணீர், பலாக்காய் முள், முந்திரி மரப்பட்டை வெடிப்பு. என்ன பொருள் என்று தெரியாமல் கோடும் நிறமும் வடிவமும் மட்டும் தெரிகிற படங்கள். நாம் போடும் சிக்குக் கோலமும் எதைப் போலவும் இல்லை, அழகாக இல்லையா? அந்த மாதிரிதான்.

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்று ஒரு வாத்தியார் இருந்தார். இரும்பு வார்ப்பு வேலை கற்றவர். பெர்லினில் கைவினைப் பள்ளியில் மாணவர்களுக்கு வடிவம் சொல்லிக்கொடுக்க, தானே செய்த கேமராவில் செடி, மொட்டு, சுருள் தளிர்களைப் பல மடங்கு பெரிதாக எடுத்தார். 1928-ல் அவை புத்தகமாக வந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பாடத்துக்காக எடுத்த படங்களை இன்று அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். ஆரி வேலை, பிளவுஸ் தையல், சணல் பை செய்கிற குழுக்கள் இதைக் கவனியுங்கள். பழைய டிசைன் புத்தகத்தையே எத்தனை நாள் பார்த்துப் போடுவது? ஒரு பாகற்கொடிச் சுருளே கை ஓரத்துக்கு டிசைன் ஆகும்.

ஒரு சங்கடமும் இருக்கிறது. பல வீடுகளில் செல் கணவர் பையிலோ மகன் கையிலோதான். ஒரு உறுப்பினர் எடுத்த படங்களை "இடம் அடைக்குது" என்று மகன் அழித்துவிட்டான். அந்த அம்மா சொன்னபோது எனக்கே வருத்தமாக இருந்தது. தெலங்கானாவில் பஸ்தாபூரில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் கிராமத்துப் பெண்கள் தங்கள் விவசாயத்தைத் தாங்களே வீடியோ எடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களும் அதில் உண்டு. காலை பத்து நிமிஷம் செல்லைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக் காசு மிச்சம் என்று சொன்னால் மறுப்பு குறையும்.

படம் அனுப்பும்போது பிள்ளைகள், வீட்டுக்குள் இருப்பவர்கள் பின்னால் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன பூச்சி என்று தெரியாவிட்டால் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் படத்தைக் காட்டிக் கேட்கலாம். உழவர் அழைப்பு மையம் 1800-180-1551, இலவசம்.

அந்த அக்கா பிறகு மருந்து அடிக்கவில்லை. அதிகம் தாக்கின கிளைகளை வெட்டி அப்புறப்படுத்தினார், மற்ற கிளைகளில் தண்ணீரைப் பீய்ச்சினார். செம்பருத்தி துளிர்த்துவிட்டது. பப்பாளி ஒன்று போய்விட்டது. மருந்துக்கு ஆன காசை நான் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "அடுத்த தடவை கிட்ட வந்து பாருங்க மேடம்" என்றார்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு படம் கொண்டு வாருங்கள். ஒன்று பூச்சி, இன்னொன்று என்னவென்று மற்றவர்கள் கண்டுபிடிக்க முடியாதது.