சிலிக்கான் சாலை – 17: மாதிரி காட்டாமல் வரைந்த படம்

டிரான்சிஸ்டர்களை எங்கே உட்கார வைப்பது, கம்பிகளை எப்படி இழுப்பது என்பதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். இதற்குத்தான் சிப்பின் லேஅவுட் என்று பெயர். கூகுளின் சிப் வரைபடத் தகராறை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வாரம் முழுக்க வேறொரு படம்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

2024 டிசம்பர் இறுதியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையில் உள்ள படம் அது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கௌஷிக் சென்குப்தா குழுவும் சென்னை ஐ.ஐ.டி.யின் உதய் காங்கோஜேயும் சேர்ந்து செய்த வேலை. முதல் ஆசிரியர் எமிர் அலி காரஹான். ரேடியோ சிப்பின் உலோகப் பகுதியை நியூரல் நெட்வொர்க் துணையோடு கணினியே வரைந்திருக்கிறது. இங்கே ஒரு சதுரம் உலோகம், அங்கே ஒரு சதுரம் வெற்றிடம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒழுங்கு பிடிபடுவதில்லை.

இந்த ரேடியோ சிப் வேலை செய்யும் மிக உயர்ந்த அலைவரிசையில் கம்பி வெறும் கம்பியாக இருக்காது. 100 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 3 மில்லிமீட்டர். சிப்பின் ஆக்சைடு அடுக்குக்குள் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். கால் மில்லிமீட்டர் உலோகப் பட்டை எங்கே வளைகிறது, பக்கத்தில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் சிக்னலை மாற்றும். அதனால் பொறியாளர்கள் பழகிய வடிவங்களைத்தான் கையில் எடுப்பார்கள்: சுருள், இரட்டைச் சுருள், கிளை பிரியும் பட்டை. அகலத்தைக் கொஞ்சம் கூட்டி, நீளத்தைக் குறைத்து, மின்காந்தக் கணக்கை ஓடவிட்டுக் காத்திருந்து, மறுபடி திருத்துவார்கள். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது.

இது எனக்குக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளை நினைவூட்டுகிறது. அங்கே ஒரு சிற்பக்கூடத்தில் பெரியவர் ஒருவர் கட்டையின் நடுவே மேலிருந்து கீழே பென்சிலால் கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக நீளம் ஒரு தாலம். கழுத்தும் மார்பும் முழங்காலும் அந்த அளவிலிருந்துதான் வரும். “கோடு போடாம உளிய வச்சா மரம் வீணாப் பூடும் தம்பி” என்றார். கொட்டாப்புளியின் முதல் அடி விழுவதற்கு முன்பே உருவம் முடிவாகிவிடுகிறது. சிப் வரைபவருக்கும் முதலில் மாதிரி, பிறகுதான் அளவு.

இந்த நெட்வொர்க்குக்கோ அந்த மாதிரியையே யாரும் காட்டவில்லை. தாறுமாறாக உலோகம் நிரப்பிய கட்டங்கள், ஒவ்வொன்றும் எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னலைக் கடத்தும், எவ்வளவைத் திருப்பியடிக்கும் என்ற கணக்கு: இவ்வளவுதான் அதற்குக் கொடுத்த பாடம். புகைப்படத்தில் முகத்தைக் கண்டுபிடிக்கும் அதே வகை நெட்வொர்க். படித்து முடித்தபின் புதுக் கட்டம் ஒன்றைக் காட்டினால், நீண்ட கணக்கைப் போடாமலே விடை சொல்லிவிடும்.

16க்கு 16 என்று ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். 256 சதுரங்கள். ஒவ்வொன்றிலும் உலோகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எத்தனை வடிவம் சாத்தியம் என்று எண்ணினால் 78 இலக்க எண் வருகிறது! எல்லாவற்றையும் சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. நெட்வொர்க் சட்டென்று மதிப்பெண் போட, தேடும் நிரல் நல்ல வடிவங்களைக் கலந்து கலந்து இன்னும் நல்லதை எடுக்கிறது. வாரங்கள் நிமிடங்களாகின்றன. சிப்பாகச் செய்து அளந்தும் பார்த்துவிட்டார்கள். சுருளும் பட்டையுமாக நாம் இத்தனை காலம் பார்த்தது அந்த 78 இலக்கத்தில் எவ்வளவு சின்ன மூலை!

இந்த மில்லிமீட்டர் அலைகள் நமக்குப் புதியவையும் அல்ல. 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். அலையின் முனைவாக்கத்தைச் சோதிக்க ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகிப் பயன்படுத்தினார். முறுக்கிய சணலையும் வைத்துச் சோதித்தார்.

அந்த அலைகளுக்கு இன்று நம் ஊரிலேயே தேவை இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுங்கள். செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். சிக்னல் இல்லாத சிற்றூரில் 108ஐ அழைப்பதே பெரும்பாடு. கல்வராயன் மலை போன்ற இடத்தில் டவர் நட்டால் மட்டும் போதாது, அந்த டவருக்கு டேட்டா வந்து சேர வேண்டும். ஃபைபர் இழுக்க முடியாத இடத்தில் ஒரு டவர் இன்னொன்றை நேராகப் பார்த்து ரேடியோவில் பேசுவது ஒரு வழி. அதற்காக உலகின் பல நாடுகளில் ஒதுக்கியிருக்கும் அலைவரிசைகளில் 71–76, 81–86 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளும் உண்டு. மழையில் இந்த அலை நலிந்துவிடும். சிக்னலுக்கு வலுவூட்டும் பெருக்கி வீணாக்கும் மின்சாரத்தின் ஒவ்வொரு துளியும் தூரத்தைக் குறைக்கும். அந்த வீணைக் குறைப்பதில் டிரான்சிஸ்டரைச் சுற்றியுள்ள உலோக வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த ஆய்வை வெளிநாட்டு ஆய்வகச் செய்தியாக ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

ஏன் வேலை செய்கிறது என்று யாராலும் விளக்க முடியாத வடிவத்தில் பொறியாளர் கையெழுத்துப் போடலாமா? அளந்து பார்த்துச் சரியென்றால் போடலாம் என்பது என் கருத்து. ஆனால் நெட்வொர்க் தவறாகவும் சொல்லும். அதைப் பிடிக்க மின்காந்தவியல் தெரிந்த ஆள் வேண்டும். இது பொறியாளருக்கான கருவிதான், மாற்று அல்ல என்று சென்குப்தாவும் சொல்கிறார். மின்காந்தவியல் பாடத்தைச் சுருக்கி அந்த நேரத்தை ஏ.ஐ.க்குக் கொடுக்கலாம் என்று எந்தக் கல்லூரி நினைத்தாலும் அது பெரும் பிழை.

கூகுள் தகராறுக்கு இடமில்லாமல் போய்விட்டது. 2021 ஜூனில் நேச்சர் இதழில் வந்த ஏ.ஐ. கொண்டு சிப் வரைபடம் போடும் முறை பற்றிய அவர்களின் கட்டுரையைப் பாராட்டி அதே இதழில் குறிப்பு எழுதிய சிப் வடிவமைப்பு ஆய்வாளர் ஆண்ட்ரூ காங், 2023இல் தன் குழுவோடு அந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். பிறகு அந்தக் குறிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் சோதனையில் என்ன கண்டார், கூகுள் என்ன பதில் சொன்னது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)