உங்களுக்குத் தெரியுமா? எழுதிக் கொடுத்த தோட்டமும் திரும்பும்!

மகன் பேருக்குத் தோட்டத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு, திண்ணையில் சோற்றுத் தட்டுக்குக் காத்திருக்கும் அப்பாருகள் நம் கொங்கு ஊர்களிலும் உண்டு. “எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன கண்ணு?” என்பார்கள். அப்படி இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவு: கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யலாம். அந்த ஒரு வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். அதுதான் பெரிய பலம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். பொள்ளாச்சியில் சார் ஆட்சியரிடம். தம் பொறுப்பில் உள்ள 60 வயது கடந்தவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை. பக்கத்து வீட்டு அம்மாயி மானத்துக்கு அஞ்சி வாய் திறக்கமாட்டார். நீங்கள் 14567-ஐ அழையுங்கள். முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை.