குடலின் மடிப்பும் பௌதிக விதியும்

பிராணிகளின் உறுப்புகள் உருப்பெறும் விதத்தை ஆராய்வது உயிரியலாரின் தனிப்பணி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் இழுவிசை, அழுத்தம், விறைப்பு ஆகியவற்றிற்கு வளரும் உடலும் உட்பட்டதே. 1874-ஆம் ஆண்டிலேயே உடற்கூற்று அறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ், கருவில் தோன்றும் மடிப்புகளை ரப்பர்க் குழாயின் வளைவுகளோடு ஒப்பிட்டார். ஆனால் ஒப்புமை மட்டும் நிரூபணமாகாது.

கோழிக்கருவின் சிறுகுடல் முதலில் ஏறக்குறைய நேரான குழாயாகவே இருக்கின்றது. பின்னர் அது ஒழுங்கான வளைவுகளாக மடிகின்றது. ஒரே வயதுடைய கோழிக்கருக்களில் இவ்வளைவுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டோ?

சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற எல். மகாதேவனும், உயிரியல் அறிஞர் கிளிஃபோர்டு டாபினும், அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். குடலை முதுகுப்புறத்தோடு இணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதனைக் குடலினின்று கத்தரித்துப் பிரித்தபோது குடல் நிமிர்ந்து நேராயிற்று, சவ்வோ சுருங்கிற்று. ஆகவே மடிப்பின் காரணம் குடலில் மட்டும் இல்லை என்பது தெளிவாயிற்று. சவ்வைவிடக் குடல் விரைந்து நீளுகின்றது. பின்தங்கிய சவ்வு அதனை இழுத்துப் பிடிக்கின்றது. இடமின்றிக் குடல் வளைகின்றது. இழுத்துத் தைத்த எலாஸ்டிக் நாடா, விட்டவுடன் துணியைச் சுருக்குவதும் இவ்வாறே.

ஆராய்ச்சியாளர் இத்துடன் நிற்கவில்லை. குழாயின் பருமன், விறைப்பு, சவ்வின் தடிப்பு, இரண்டின் வளர்ச்சி வேறுபாடு ஆகியவற்றை அளந்து, வளைவின் அளவைக் கணக்கிட்டனர். குழாய் விறைப்பாயின் வளைவு பெரிதாகும். சவ்வு விறைப்பாயின் சிறிதாகும். கோழியில் மட்டுமன்றிக் காடையிலும் சுண்டெலியிலும் கணக்கும் காட்சியும் ஒத்திருந்தன. ஒப்புமை நிரூபணமாகியது இவ்வாறே.

இதனால் பாரம்பரியத்தின் பங்கு குறைந்துவிடாது. பி.எம்.பி. எனப்படும் புரதச் சமிக்ஞை சவ்வின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி, இழுவிசையை மாற்றுகின்றது என 2017-இல் அறியப்பட்டது. ஜீன்கள் ஒவ்வொரு வளைவையும் தனித்தனியே வரைவதில்லை. அவை வளர்ச்சியின் வேகத்தை அமைக்க, எஞ்சியதைப் பௌதிக விதி முடிக்கின்றது. குடல் வயிற்றினுள் முறையாக அமையாது முறுக்கிக் கொள்ளுமாயின் சிசுவின் உயிருக்கே ஆபத்து நேரும். ஆதலின் இவ்வகை அறிவு மருத்துவத்திற்கும் வேண்டப்படுவதாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். மெல்லிய ரப்பர்த் தாளை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, அதன் ஓரத்தில் ரப்பர்க் குழாயை நெருக்கமாகத் தைத்து, பின்னர்த் தாளைத் தளர்த்தினால் குழாய் குடல்போல் வளையும். தடித்த தாளைக்கொண்டு மீண்டும் செய்து, வளைவுகளை எண்ணி ஒப்பிடுமாறு மாணவரைப் பழக்குதல் நன்று.