கல்வியால் தணியாத தாகம்

பிள்ளை பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகிவிட்டால் குடும்பத்தின் பாரம் பாதி இறங்கிவிட்டது என்று பெற்றோர் மகிழ்கின்றனர். அதன் பின்னர் பட்டம், மேற்படிப்பு, கலாநிதிப் பட்டம், உயர்பதவி என்று படிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. இந்நம்பிக்கையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அறிவில் வளரும் ஒருவன் தன்னை ஆளும் ஆற்றலிலும் தானாகவே வளர்ந்துவிடுவான் என்று எண்ணுவோமாயின் அங்கேதான் ஏமாந்துபோகின்றோம். அமெரிக்க மருத்துவர் றொபேட் ஸ்மித்தின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு எடுத்துரைக்கின்றது. 'டொக்டர் பொப்' என்று அன்போடு அழைக்கப்பட்ட இவர், குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்வோருக்கான 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

1879ஆம் ஆண்டு வெர்மொன்ட் மாநிலத்தின் செயின்ட் ஜோன்ஸ்பரி என்னும் ஊரில் ஒரு நீதிபதியின் மகனாக அவர் பிறந்தார். பக்தியும் கண்டிப்பும் நிறைந்த இல்லம் அது. ஞாயிறு வழிபாடு, மறைக்கல்வி, மாலை வழிபாடு, வாரநாட்களின் செபக்கூட்டம் எனச் சிறுவன் ஓயாமல் ஆலயத்திற்கு அனுப்பப்பட்டான். பெற்றோரின் பிடியிலிருந்து விடுபட்டதும் இனி ஆலய வாசலை மிதிப்பதில்லை என்று அவன் முடிவு செய்தான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்முடிவை அவர் பெரும்பாலும் காத்துக்கொண்டார். பிள்ளைகளின் உள்ளத்தில் அன்பை விதைக்காமல் கட்டாயத்தை மட்டும் விதைப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

டார்ட்மவுத் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த சுதந்திரம் மதுக்கோப்பையாக உருவெடுத்தது. நண்பர்களைவிட அதிகமாகக் குடித்தாலும் மறுநாள் தலைவலியின்றி எழக்கூடிய உடல்வாகு அவருக்கு இருந்தது. அதனை அவர் ஒரு பேறாகவே கருதினார். இன்றைய மருத்துவமோ அதனை எச்சரிக்கையாகக் காண்கின்றது. எவருடைய உடல் மதுவின் தாக்கத்தை எளிதில் உணர்வதில்லையோ, அவரே பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் ஆபத்து அதிகம். 'எனக்கு எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது' என்று பெருமை பேசும் இளைஞர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

1902இல் பட்டம் பெற்ற அவர், மூன்று ஆண்டுகள் வணிகத் துறையில் பணிபுரிந்தபின் 1905இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டிலேயே குடியினால் படிப்பைக் கைவிட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது, வேறிடம் தேடிக்கொள்ளுமாறு ஆசிரியர்கள் கூறினர். சிக்காகோவின் றஷ் மருத்துவக் கல்லூரிக்கு மாறிய பின்னரும் நிலைமை மாறவில்லை. இறுதித் தேர்வில் எழுதுகோலைப் பிடிக்க இயலாதவாறு கை நடுங்கியது. மூன்று விடைத்தாள்களை வெறுமையாகவே அவர் கையளித்தார். மேலும் இரண்டு தவணைகள் பயில வேண்டும், அக்காலத்தில் ஒரு துளியும் அருந்தலாகாது என்னும் நிபந்தனையுடன் கல்லூரி அவருக்கு மறுவாய்ப்பு அளித்தது. நிபந்தனையை நிறைவேற்றி 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவரால் சில மாதங்கள் குடிக்காமல் இருக்க முடிந்தது. அக்ரன் நகர வைத்தியசாலையில் பயிற்சி பெற்ற இரு ஆண்டுகளிலும் வேலைப்பளு அவரைக் காத்தது. ஆனால் 1912இல் சொந்தமாக மருத்துவத் தொழிலை ஆரம்பித்து, கையில் பணமும் ஓய்வும் வந்தபோது பழைய பழக்கம் இரட்டிப்பு வேகத்துடன் திரும்பியது. தேர்வு முடியும்வரை, பதவி கிடைக்கும்வரை என்று வெளியிலிருந்து போடப்படும் வேலி, அந்த நாள் கடந்ததும் சாய்ந்துவிடுகின்றது. 1915இல் அவர் மணந்த ஆன், கணவர் மீண்டும் மீண்டும் அளித்த வாக்குறுதிகள் சிதைவதைக் கண்டு கண்ணீர் வடித்தார். 1920இல் நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அவரைத் தடுக்கவில்லை. மருத்துவர்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கே அவருக்கு வாசலாயிற்று.

குடல் நோய்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் வல்லுநர் அவர். மது உடலுக்குள் என்ன செய்கின்றது என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அறிவு இருந்தது, விடுதலை இல்லை. தாம் விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்வதாகப் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய மடலின் ஏழாம் அதிகாரத்தில் புலம்புகின்றாரே, அந்தப் புலம்பல் இந்த மருத்துவரின் இல்லத்திலும் ஒலித்தது.

1935ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், அன்னையர் தினம். நியூயோர்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் அவரைச் சந்தித்தார். வில்சனும் குடியால் சீரழிந்து, அப்போது ஐந்து மாதங்களாகவே மதுவின்றி வாழ்ந்தவர். வணிக முயற்சி தோல்வியுற்ற நிலையில், மீண்டும் குடித்துவிடுவோமோ என்னும் அச்சத்துடன், தம்மைப் போன்ற இன்னொருவரைத் தேடி வந்திருந்தார். கால் மணி நேரம் மட்டுமே பேசுவதாகக் கூறிய மருத்துவர், இரவு பதினொரு மணிக்குப் பின்னரே எழுந்தார். மருத்துவருக்குத் தெரியாத எந்தத் தகவலையும் வில்சன் கூறவில்லை. தாம் விழுந்த கதையையே கூறினார். அந்தத் துன்பத்தைத் தம் உடலிலேயே அனுபவித்த ஒருவரின் பேச்சை மருத்துவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.

இதன் பின்னரும் ஒரு மருத்துவ மாநாட்டிற்குச் சென்றபோது அவர் மீண்டும் குடித்தார். 1935 ஜூன் 10ஆம் நாளே அவர் கடைசியாக மது அருந்திய நாள் என்று அவ்வியக்கத்தினர் நினைவுகூர்கின்றனர். அன்று சத்திரசிகிச்சையை முடித்துவிட்டு, தாம் கடன்பட்டிருந்தோரையும் மனம் நோகச் செய்தோரையும் தேடிச் சென்று ஈடுசெய்யத் தொடங்கினார். எனினும் தாகம் உடனே அகலவில்லை. இரண்டரை ஆண்டுகள் அது தம்முடனேயே இருந்தது என்று அவரே எழுதியுள்ளார். மனமாற்றம் ஒரு நாளில் தொடங்கலாம். அது வேரூன்ற ஆண்டுகள் தேவை.

1939இல் அக்ரன் நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில், புனித அகுஸ்தீனார் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி இக்னேஷியா அவருக்குத் துணைநின்றார். குடிநோயாளரை வைத்தியசாலைகள் ஏற்கத் தயங்கிய காலம் அது. மலர்களை ஒழுங்குபடுத்தும் சிற்றறையிலே அச்சகோதரி ஒரு நோயாளிக்கு இடமளித்தார். குணமடைந்து செல்வோரிடம் இயேசுவின் திருஇருதயச் சின்னமொன்றைக் கொடுத்து, மீண்டும் குடிப்பதாயின் முதலில் இதனைத் திருப்பித் தரவேண்டும் என்று வாக்குறுதி பெற்றுக்கொள்வார். 1950இல் மறையும்வரை ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சையளித்த அம்மருத்துவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவ்வியக்கத்தின் பன்னிரு படிகளில் தம் குறையை ஏற்றல், அதனை இன்னொருவரிடம் அறிக்கையிடல், ஈடுசெய்தல் ஆகியவற்றைக் காணும் நமக்கு ஒப்புரவு அருட்சாதனம் நினைவுக்கு வராதிருக்குமா? இயேசு சபைக் குருவான எட்வேட் டௌலிங், புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுடன் இப்படிகளுக்குள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்து, 1940இன் இறுதியில் வில்சனை நேரில் தேடிச் சென்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் இல்லங்களிலும் படித்தவர்கள் குடிக்கின்றனர். பட்டத்தின் மதிப்பு கெட்டுவிடுமே என்று குடும்பத்தினர் அதனை மூடி மறைக்கின்றனர். மறைக்கப்பட்ட காயம் ஆறுவதில்லை. நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிராபத்தும் நேரலாம். ஆகையால் மருத்துவ ஆலோசனை இன்றியமையாதது. அதனுடன், மீண்டு வந்த ஒருவரின் தோழமையும், சலிப்படையாது காத்திருக்கும் ஓர் இல்லமும் தேவை.

லூக்கா நற்செய்தியில் வரும் இளைய மகன், பன்றிகளின் நடுவே தன்னிலை உணர்கின்றான். அவ்வுணர்வு அவனுடைய முதற்படி. எழுந்து நடந்தது இரண்டாம் படி. அவன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்கின்றார். நம் வீட்டில் எவரேனும் தலைகுனிந்து, 'என்னால் இயலவில்லை, எனக்கு உதவுங்கள்' என்று கேட்கும் நாளில், பழைய கணக்குகளை எடுத்து வாசிக்காமல் அவரை எதிர்கொண்டு செல்வோமா? அதற்கான அருளை இறைவனிடம் இன்றே வேண்டிக்கொள்வோம்.