பெட்டி வந்ததைச் சொல்லும் கண்

திண்டுக்கல்லிலிருந்து ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கன்வேயர் மேலிருக்கும் பார்கோடு ஸ்கேனர் தானாகவே லேபிளைப் படித்துவிடுமே, அதற்கு முன்னால் தனியாக ஒரு சென்சார் எதற்கு?

லேபிள் உள்ள பெட்டிக்கு ஸ்கேனரே போதும். லேபிள் கிழிந்துபோன பெட்டி கடந்தால்? ஸ்கேனரைப் பொறுத்தவரை அங்கே எதுவும் வரவே இல்லை. ‘வந்தது, படிக்க முடியவில்லை’ என்று சொல்வதற்கு, வந்ததை அறியும் கண் ஒன்று வேண்டும். அந்தக் கண்தான் சென்சார்.

பெல்ட்டின் ஒரு பக்கம் சென்சார், நேர் எதிரே ரிஃப்ளெக்டர். ஒளி போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். பெட்டி குறுக்கே வந்தால் அறுபடும். உடனே ஸ்கேனருக்குச் செய்தி போகும். மிகக் குட்டையான பெட்டிக்கும் எட்டும் உயரத்தில் பிராக்கெட்டை முடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடும் பெல்ட், ஒரு மில்லி விநாடியில் ஒரு மில்லிமீட்டர் நகரும். சென்சாரிலிருந்து ஸ்கேனருக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 100 மில்லி விநாடி கழித்துப் படிக்கச் சொல்லலாம். வேகம் மாறுகிற லைனில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ரோலரில் என்கோடர் மாட்டித் தூரத்தையே எண்ண வைப்பதுதான் சரி. லேபிளின் பளபளப்பு நேராகத் திரும்பிக் கண்ணைப் பறிக்காமலிருக்க, ஸ்கேனரையும் 15 டிகிரி போலச் சாய்த்து வைப்பார்கள். பளபளப்பான கல்யாணப் பத்திரிகையை டியூப்லைட்டுக்கு அடியில் நாம் சாய்த்துப் பிடித்து வாசிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

என் மனசைப் பறித்தது அந்தச் சின்ன ரிஃப்ளெக்டர். கேரம் ஆடும்போது மூலையை ஒட்டி ஸ்ட்ரைக்கரை அடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைகளிலும் மோதி, எந்தத் திசையிலிருந்து போனதோ அந்தத் திசைக்கே திரும்பும். மூன்றாவதாக ஒரு சுவரையும் சேர்த்தால் கிடைக்கும் மூலையில், ஒளி எப்படிச் சாய்ந்து போனாலும் வந்த வழிக்கே திரும்பிவிடும். ரிஃப்ளெக்டருக்குள் இப்படிப்பட்ட பொடி மூலைகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்ததும் இந்த மூலைகள்தான், மொத்தம் 100. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அவற்றில் பட்டு இரண்டரை விநாடியில் திரும்புகிறது.

கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டியும் ஒளியைத் திருப்பி அனுப்புமே, சென்சார் ஏமாறாதா? அதற்கும் வழி உண்டு. தபால் பெட்டியின் படுக்கைவச வாய்க்குள் கடிதத்தைச் செங்குத்தாக நுழைக்க முடியாது. அதுபோல, செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் அனுப்பி, படுக்கைவசமாக அதிரும் ஒளியை மட்டும் ஏற்கும் சென்சார்கள் இருக்கின்றன. பளபளப்பான பெட்டி ஒளியைப் போனபடியே திருப்பும். அது உள்ளே நுழையாது. மூன்று முகங்களில் மோதித் திரும்பும் ஒளியிலோ ஒரு பங்கின் அதிர்வுத் திசை முறுகியிருக்கும், அது நுழைந்துவிடும்.

இத்தனை நுட்பத்தையும் அட்டைப்பெட்டித் தூசி கெடுத்துவிடுகிறது. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பார்த்தேன். ரிஃப்ளெக்டரில் தூசி படிந்து ஒளி விட்டுவிட்டுத் திரும்ப, வராத பெட்டிகளுக்கெல்லாம் ‘படிக்கவில்லை’ என்று கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஏச்சு வாங்கியவர்கள் லேபிள் ஒட்டும் பெண்கள். யாரோ சென்சாரின் திருகைத் திருகி உணர்திறனை ஏற்றியிருந்தார்கள். துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கைப்பிடி பனியன் வேஸ்ட் எடுத்துத் துடைத்ததும் கணக்கு நேரானது. விலை உயர்ந்த ஸ்கேனருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறவர்கள், அதை எழுப்பிவிடும் இந்த வில்லைக்கு ஷிஃப்டுக்கு ஒரு தடவை துணி போடக்கூடாதா?

தம்பி, நீங்கள் லைனில் சென்சாரைப் பொருத்தி முடித்ததும், முதலில் லேபிள் ஒட்டாத வெறும் பெட்டி ஒன்றை ஓடவிடுங்கள். படிக்க முடியாத பெட்டிகளை லைனிலிருந்து விலக்கும் தள்ளுகோல் அதை ஒதுக்கித் தள்ளுகிறதா என்று நின்று பாருங்கள்.