பால் குடித்தால் வயிறு பொருமுவது ஏன்?

பசும்பால் நல்லதா? எருமைப்பால் நல்லதா?

பனியன் நகரமான திருப்பூரில் பொழுது விடியும் முன்பே டீக்கடைகளில் பால் கொதிக்கத் தொடங்கிவிடும். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்களும், காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

ஆனால் பால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வது இல்லை. சிலருக்குக் குடித்த சிறிது நேரத்தில் வயிறு பொருமும், கடமுடவென்று சத்தம் கேட்கும், பேதியும் ஆகும்.

"பால் கெட்டுப் போயிருக்கும்" என்பார் ஒருவர். "சீமை மாட்டுப் பால், அதனால்தான்" என்பார் இன்னொருவர்.

பல சமயம் குற்றம் மாட்டின்மேல் இல்லை. காரணம் குடித்தவரின் குடலில் இருக்கிறது!

பால் சர்க்கரை

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை உண்டு. அதன் பெயர் லாக்டோஸ். சிறுகுடலில் சுரக்கும் 'லாக்டேஸ்' என்ற ஜீரணப் பொருள் அதை உடைத்து உடம்பில் சேர்க்கிறது.

கைக்குழந்தைக்கு இது தாராளமாகச் சுரக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். அப்போது பால் சர்க்கரை ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. வாயு உண்டாகிறது. வயிறு பொருமுகிறது!

இது அபூர்வ வியாதி அல்ல. உலக மக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தக் குறை உண்டு. வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் அதிகம்.

எந்தப் பாலில் என்ன?

பசுவோ, எருமையோ, வெள்ளாடோ, எந்தப் பாலானாலும் 100 கிராமில் 4 முதல் 5 கிராம் வரை பால் சர்க்கரை இருக்கும். காய்ச்சினாலும் குறையாது.

மாறுவது கொழுப்புத்தான். பசும்பாலில் சுமார் 4 சதவீதம். எருமைப்பாலில் 6 முதல் 8 சதவீதம். அதனால்தான் எருமைப்பால் கெட்டியாக இருக்கிறது. ஜீரணமாகவும் நேரம் பிடிக்கிறது. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு. ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். எடையைக் குறைக்க வேண்டியவர்களுக்கு நீலம் போதும்.

காங்கேயம் மாட்டுப் பால்

திருப்பூர் மாவட்டத்தின் பெருமை காங்கேயம் மாடு. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளரும் இந்த மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. பால் குறைவாகத்தான் கறக்கும்.

நாட்டு மாட்டுப் பாலை இப்போது 'ஏ-2 பால்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஏ-2 என்பது பாலில் உள்ள ஒருவகைப் புரதம். எருமைப்பாலிலும் அதே வகைதான் இருக்கிறது. ஏ-2 பால் வயிற்றுக்கு இதமாக இருப்பதாகச் சில சிறு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் மற்றப் பாலில் உள்ள ஏ-1 புரதம் வியாதி தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் கூறிவிட்டது.

நாட்டு மாட்டுப் பாலிலும் பால் சர்க்கரை குறையாது. ஆகவே, வயிறு பொருமுகிறதே என்று கூலிப் பணத்தில் விலை உயர்ந்த பால் வாங்குகிறவர் ஏமாற நேரிடலாம்!

தயிரும் மோரும்

செலவில்லாத வழி வீட்டிலேயே இருக்கிறது. பாலைத் தயிராக்கும்போது அதிலுள்ள கிருமிகள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. மீதி ஜீரணமாகவும் உதவுகின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

பால்தான் வேண்டும் என்றால், வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு கொஞ்சமாகக் குடிக்கலாம். அறவே ஒத்துக்கொள்ளாதவர்கள் கேழ்வரகுக் களி சாப்பிடலாம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் ஏராளம்.

தாய்மார்கள் கவனத்துக்கு

முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். ஒரு வயது ஆகும் வரை தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலோ ஆட்டுப்பாலோ கொடுக்கக்கூடாது. பேதி ஆனாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பது ஆபத்து. காசநோய்க் கிருமிகூட அதன் வழியே பரவலாம்.

பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மலத்தில் ரத்தம் போனாலும், உடம்பு இளைத்தாலும் சாதாரணமாக எண்ணக்கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்றவர்கள் ஒரு வாரம் பாலை நிறுத்திவிட்டு, மோர் குடித்துப் பார்க்கலாம். எது ஒத்துக்கொள்கிறது என்பதை அவரவர் வயிறே சொல்லிவிடும்!